மைனிங் மெஷின்: முதலில் அலகைப் பாருங்கள்

கிரிப்டோ காயின் எடுக்கும் (மைனிங்) மெஷின் நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டுப் பார்க்கிறது என்பதுதான் ஹாஷ் வேகம்; அதன் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்: பிட்காயின் மெஷினுக்கு டெராஹாஷ், கிராபிக்ஸ் கார்டில் எடுக்கும் எத்தீரியம் கிளாசிக்குக்கு மெகாஹாஷ், சிபியுவில் ஓடும் மொனேரோவுக்குக் கிலோஹாஷ். கிலோ, மெகா, கிகா, டெரா என்று ஒவ்வொரு படியும் ஆயிரம் மடங்கு, அதனால் யாராவது 500 மெகாஹாஷ் பிட்காயின் மைனர் மலிவு என்று நீட்டினால் அது வெறும் 0.0005 டெரா, விளையாட்டுச் சாமான்தான். அலகு சரியானால் கரண்ட் செலவும் கையோடு தெரியும்: ஒரு டெராஹாஷுக்கு 30 யூல் (ஆற்றலின் அலகு) இழுக்கும் 100 டெராஹாஷ் மெஷின் என்றால் 3,000 வாட், ஒரு நாளைக்கு 72 யூனிட் (நுவரெலியா குளிரில் மெஷின் ஆறும், பில் ஆறாது). வேறு அல்கோரிதமில் (கணக்குப் போடும் முறையில்) ஓடும் காயின்களை ஒப்பிட மட்டும் ஹாஷ் வேகம் உதவாது; பச்சைக் கொழுந்துக் கிலோவையும் தேயிலைத்தூள் கிலோவையும் ஒன்றென்று எண்ணுவது மாதிரி ஆகிவிடும்.