எல்ஸ் இஃப் (else if) நீண்டுகொண்டே போகிறதா?
ஜாவாஸ்கிரிப்டில் டெலிவரி 'சாதாரணம்' என்றால் 0, 'விரைவு' என்றால் 60, 'அன்றே' என்றால் 120 என்று ஒரே மாறியை வைத்து எல்ஸ் இஃப் மேல் எல்ஸ் இஃபாக அடுக்கியிருந்தால், அதை அப்படியே ஒரு ஆப்ஜெக்டாக மாற்றிவிடுங்கள். வகைதான் கீ, கட்டணம்தான் வேல்யூ. சதுர அடைப்புக்குறிக்குள் மாறியைக் கொடுத்தால் ஒரே வரியில் விடை வந்துவிடும், நாளைக்குப் புது வகை வந்தாலும் லாஜிக்கில் கை வைக்க வேண்டாம்.

பட்டியலில் இல்லாத வகைக்கு 40 என்று வைக்கும்போதுதான் கவனம். இரட்டைச் செங்குத்துக் கோடு (||) போட்டால் 0-வையும் 'மதிப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்ளும், இலவச டெலிவரிக்கும் 40 ரூபாய் விழும்! 2020-இல் வந்த இரட்டைக் கேள்விக்குறியைப் (??) போடுங்கள், அது மதிப்பே இல்லை என்று சொல்லும் நல் (null), அன்டிஃபைன்ட் (undefined) இரண்டை மட்டும்தான் கண்டுகொள்ளும். அப்புறம், கீ பயனரிடமிருந்து வருகிறது என்றால், ஆப்ஜெக்டுக்குப் பதில் நாம் போட்ட கீ-வேல்யூக்களை மட்டும் தேடித் தரும் மேப் (Map) எடுங்கள். யாராவது குறும்புக்கு 'கன்ஸ்ட்ரக்டர்' (constructor) என்று அனுப்பினால் சாதாரண ஆப்ஜெக்ட், தனக்குப் பின்னால் பொதுவாக இருக்கும் புரோட்டோடைப்பில் கிடக்கும் ஃபங்ஷனை எடுத்து நீட்டிவிடும்.

மதிப்பெண் மாதிரி 'இதற்கு மேல், அதற்குக் கீழ்' கணக்குக்கெல்லாம் இது சரிவராது. அங்கே எல்ஸைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு இஃபிலும் உடனே ரிட்டர்ன் செய்யுங்கள், போதும்.