ரிவால்வர் தோட்டாவுக்கு மருந்து: உறைக்குள் இருக்கும் காலி இடத்தைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் பலர், சுட்ட பித்தளை உறைகளைப் பொறுக்கி வைத்து, பிரைமர் (உறையின் அடியில் இருக்கும், அடிபட்டதும் பொறி தரும் சின்ன மூடி) மாற்றி, வெடிமருந்து அளந்து போட்டு, புதுக் குண்டு பொருத்தித் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதைச் செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.) புதிதாக இதில் இறங்குபவர் முதலில் கேட்பது, ‘எந்த மருந்து நல்லது?’ என்றுதான். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவுக்கு மட்டுமே ஒத்துவரும் மருந்துகள் ஏராளம். ‘எதில் கை தவறினால் கண்ணுக்குத் தெரியும்?’ என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

.45 கோல்ட் தோட்டா 1873இல் வந்தது, .38 ஸ்பெஷல் 1898இல். இரண்டின் உறையும் கரிமருந்துக் காலத்து அளவு. கரிமருந்தை உறை நிறையப் போட்டால்தான் குண்டுக்கு வேகம் கிடைக்கும். புகையற்ற மருந்து கொஞ்சம் போதும், மீதி இடம் காலி. வேகமாக எரியும் மருந்தில் இது இன்னும் மோசம். உறைக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு சிட்டிகை கிடக்கும். தவறி இரண்டாம் முறை அளந்து போட்டாலும் வழியாது. குண்டு அதன் மேல் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது சிலிண்டர் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை) பிளந்து, அதற்கு மேலே இருக்கும் சட்டப் பட்டை பறந்த படங்கள் பலவற்றின் பின்னணி இதுதான்.

இந்தத் தவறுக்கு வழிவிடுவது பெரும்பாலும் சிக்கனம். ஒரு பவுண்டு 7,000 கிரெய்ன். தோட்டாவுக்கு மூன்றரை கிரெய்ன் என்றால் 2,000 தோட்டா கிடைக்குமே என்று மனம் கணக்குப் போடும். நான் அந்தக் கணக்கை நம்ப மாட்டேன். யூனிக் மாதிரி செதில் செதிலாக, பொதபொதவென்று இடத்தை அடைக்கும் மருந்தில் இரட்டை அளவு விழுந்தால் பார்த்தவுடனே தெரியும். டிரெயில் பாஸ் இன்னும் ஒரு படி மேல்: நடுவில் ஓட்டை போட்ட குட்டி வடை மாதிரி இருக்கும், மெதுவாகப் போகும் ஈயக் குண்டுகளுக்கென்றே வந்தது. எந்த மருந்தானாலும் சரி, குண்டு பொருத்துமுன் 50 உறைகளையும் மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் நிழலே காட்டிக்கொடுக்கும்.

‘குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை’ என்பது அடுத்த தவறு. பெரும்பாலான மருந்துகளுக்கு, எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு என்று சொல்லும் கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்து மெல்ல ஏறுவதுதான் முறை. ஆனால் .357 மேக்னம், .44 மேக்னம் என்ற பலமான தோட்டாக்களுக்குப் போடும் ஹெச் 110 மருந்து அப்படியல்ல. அதைத் தயாரிப்பாளர் சொன்னதற்கு மேல் குறைக்கக் கூடாது. அழுத்தம் போதாமல் மருந்து சரியாகப் பற்றாது, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். தானியங்கிக் கைத்துப்பாக்கி என்றால் இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலும் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் நின்றுவிடும். ரிவால்வர் அப்படி நிற்காது. விசையை இழுத்தால் சிலிண்டர் சுற்றி அடுத்த தோட்டா தயார். அடைத்த குழலில் அடுத்த குண்டு போனால் குழல் உப்பிவிடும். ‘டப்’ என்று சத்தம் சப்பையாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். கொஞ்சம் பொறுத்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலைப் பாருங்கள்.

இரண்டு அங்குலக் குழலுக்கு வேகமருந்துதான் வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. மேக்னம் தோட்டாவில் குட்டைக் குழலிலும் அதிக வேகம் தருவது பெரும்பாலும் மெதுமருந்துதான். கூடவே கண்ணைப் பறிக்கும் தீப்பிழம்பும் காதைப் பிளக்கும் சத்தமும் இலவசம். அதனால் வேகமருந்தை எடுத்தால் நியாயம்தான், காரணம் மட்டும் வேறு.

எரிவேகப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு மருந்தின் அளவை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். அந்தப் பட்டியல் வெறும் வரிசை, இடைவெளி எவ்வளவு என்று அது சொல்லாது. டைட்குரூப், டைட்வாட் என்று பெயர்களும் கண்ணைக் கட்டும். அதே எடைதானே என்று ஈயக் குண்டின் அளவை உலோக உறை போட்ட குண்டுக்குப் போடுவதும் இதே ரகம்.

ஒரு தடவை அளவைக் கருவியில் மிச்சமிருந்த மருந்தை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால், அது எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று நினைவில்லை. நிறத்தைப் பார்த்தேன், துகளைப் பார்த்தேன், பிடிபடவில்லை. கால் டப்பா மருந்து, காசு போட்டு வாங்கியது. புல்தரையில் மெல்லிசாகத் தூவிவிட்டேன். அதில் நைட்ரஜன் இருக்கிறது, புல்லுக்காவது உதவட்டும். இப்போதெல்லாம் மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பாதான்.