பயனரிடம் கருத்துக் கேட்காமல், நடந்ததைக் கேட்பது எப்படி

ஒரு செயலியை வடிவமைக்கும் முன் அதைப் பயன்படுத்தப்போகிறவரிடம் நேரில் பேச வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் இல்லை. மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்புக்கென 2010இல் வெளியாகி 2019இல் திருத்தப்பட்ட, பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 9241-210 தரநிலையும், பயனரையும் அவர் செய்யும் வேலையையும் அவரது சூழலையும் அறிந்துகொள்வதையே அடிப்படையாக வைக்கிறது. ஆனால் பேசப் போகிறவர்களில் பலர், தாம் முன்பே முடிவு செய்த ஒன்றுக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சிறு வியாபாரிகளுக்கான பணம் பெறும் செயலி ஒன்றுக்காகப் பூக்கடைகளுக்குப் போன தொடக்க நாட்களில் நானும் அப்படித்தான் திரும்பினேன்.

போவதற்கு முன், எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘எந்த வசதி வேண்டும்’ என்பது அந்த வாக்கியம் ஆகாது. வசதியை யோசிப்பது நம் வேலை. ‘வாடிக்கையாளர் அனுப்பிய பணம் வந்துவிட்டதைக் கடைக்காரர் எப்படி உறுதி செய்துகொள்கிறார்’ என்பது சரியான தொடக்கம். செயலியைச் சரளமாகப் பயன்படுத்துபவரோடு, பயன்படுத்திப் பார்த்து நிறுத்திவிட்டவரையும் கட்டாயம் சந்தியுங்கள்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு ‘ஐந்து பேர் போதும்’ என்று பலரும் சொல்வது, 1993இல் ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் முன்வைத்த பயன்பாட்டுச் சோதனைக் கணக்கிலிருந்து வந்தது; அது செயலியைச் சிலரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லிக் குறைகளைக் கண்டுபிடிக்கும் சோதனை. நேர்காணலுக்கு அது பொருந்தாது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், முதல் 12 நேர்காணல்களிலேயே பெரும்பாலான கருத்துகள் வெளிப்பட்டுவிட்டன. ஒரே வகைப் பயனர்களிடம் பேசும்போது நான் அந்த எண்ணையே மனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இடம் அவருடையதாக இருக்கட்டும், நேரமும் அவருடையதாக இருக்கட்டும். முகூர்த்த நாளிலும் வெள்ளிக்கிழமை மாலையிலும் பூக்காரரிடம் போய் நிற்பது அவர் பிழைப்பைக் கெடுப்பதாகும். பிற்பகலில் அவர் பூத் தொடுத்துக்கொண்டிருக்கும்போது போனால், கை வேலை செய்யும், வாய் பேசும். அந்தக் கை எப்போதும் ஈரமாகவே இருப்பதும், ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாக இணங்காததும் அங்கே உட்கார்ந்தால்தான் கண்ணில் படும்.

நீங்கள் யார், எதற்காக வந்திருக்கிறீர்கள், எவ்வளவு நேரமாகும் என்பவற்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குரலைப் பதிவு செய்வதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் கையால் எழுதிக்கொள்ளலாம்.

இனி, கேள்வி. ஒரு பூக்காரம்மாவிடம் நான் முதலில் இப்படிக் கேட்டேன்: “பணம் வந்ததும் போனே சத்தமா சொல்லிட்டா உங்களுக்கு உதவியா இருக்குமாம்மா?” அவர் சொன்னது: “இருக்கும் தம்பி, நல்லாத்தான் இருக்கும்.” தேடி வந்தவனிடம் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல நம்மவர்களுக்கு மனம் வராது, அந்தப் பதிலில் இருந்தது மரியாதை மட்டுமே. கேள்வியை மாற்றினேன்: “நேத்து சாயங்காலம் போன்ல காசு அனுப்பினவங்க யாராவது ஞாபகம் இருக்காம்மா? என்ன நடந்துச்சு?” இப்போது கதை வந்தது. கூட்டத்தில் ஒரு பையன் திரையைக் காட்டி “அனுப்பிட்டேன்க்கா” என்றிருக்கிறான். இவர் இரண்டு முழம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தொங்கும் வாழைநாரில் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார். பணம் வரும் போன் மகனிடம், டியூஷனில் இருக்கிறது. இரவில் அவன் வந்ததும் முடிச்சுகளை எண்ணி, குறுஞ்செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். கடையிலேயே இல்லாத போன் சத்தமாகச் சொல்லி யாருக்கு என்ன பயன்?

குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கும் இம்முறையை, அமெரிக்க விமானப்படை ஆய்வுகளின் அனுபவத்திலிருந்து உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954இலேயே வகுத்து எழுதியிருக்கிறார். “வழக்கமா என்ன செய்வீங்க” என்றால் செய்ய வேண்டியதைச் சொல்வார்கள்; “கடைசியா எப்போ நடந்துச்சு” என்றால் செய்ததைச் சொல்வார்கள். “ஏன்” என்று தொடங்கும் கேள்வியைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் “ஏன் எழுதி வைக்கலை?” என்பது தமிழில் குற்றம் சாட்டுவதுபோல ஒலிக்கும். “அப்புறம் என்ன பண்ணுனீங்க?”, “அதைக் கொஞ்சம் செஞ்சு காட்டுறீங்களா?” என்பவை அதே இடத்துக்கு நோகாமல் கொண்டுபோகும்.

அவர் பேச்சை நிறுத்தினால் நீங்கள் நிரப்பாதீர்கள். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். அவருடைய சொல்லைத் திருத்தாதீர்கள். அவர் ‘போன்ல வர்ற காசு’ என்றால், நீங்களும் அதையே சொல்லுங்கள், பின்னால் திரைக்கு வாசகம் எழுதும்போதும் அதை நினைவில் வையுங்கள். கணவரோ மகனோ குறுக்கே புகுந்து அவருக்காகப் பதில் சொன்னால் தடுக்க வேண்டாம். உங்களுடன் வந்தவர், குறுக்கே புகுந்தவரைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய்ப் பேசட்டும். இருவராகப் போவது இதற்காகவும்தான்.

அன்றிரவே இருவரும் உட்கார்ந்து, அவர் சொன்னது, நாம் பார்த்தது, நாம் ஊகிப்பது என்ற மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.

நோட்டை மூடிய பிறகும் உடனே எழுந்துவிடாதீர்கள். நாங்கள் கிளம்பும்போது அந்தப் பூக்காரம்மா கேட்டார்: “அந்தக் காசு என் பேர்லயே வர்ற மாதிரி செய்ய முடியுமா தம்பி?” எங்கள் கேள்விப் பட்டியலில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதே இல்லை. அடுத்த கடையில் அதைத்தான் முதலில் கேட்டோம்.