பெஞ்ச்மார்க்கில் நேரம் மைனஸில் வருகிறதா? சரிசெய்வது இப்படி

ஒரு ஃபங்ஷன் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) ஓடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க, அதாவது பெஞ்ச்மார்க் செய்ய, பைத்தான் நிரல்மொழியில் சின்னதாக ஒரு கருவி எழுதி வைத்திருந்தேன். பல நாள் ஒழுங்காக ஓடியது, திடீரென்று ஒரு நாள் -0.83 வினாடி என்று காட்டியது. எந்த வேலையும் தொடங்கும் முன்பே முடிந்துவிடாது. அப்படியென்றால் கோளாறு கடிகாரத்தில்தான்.

படி 1: பிழையை வேண்டுமென்றே வரவழையுங்கள். கணினியில் தானாக நேரம் சரிசெய்யும் வசதியை அணைத்துவிட்டு, 20 வினாடி சும்மா காத்திருக்கும் டைம்.ஸ்லீப்(20) என்ற ஒரே வரியை உங்கள் கருவியால் அளக்க விடுங்கள். அது ஓடும்போதே கடிகாரத்தைச் சரியாக ஒரு நிமிடம் பின்னால் வையுங்கள். 20க்குப் பதில் -40 வந்தால் பிழை சிக்கிவிட்டது.

படி 2: கருவியின் நிரலில் டைம்.டைம்() எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி ஆனது என்று கணினிக் கடிகாரத்தைப் பார்த்து அது சொல்கிறது. இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி அந்தக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் மைனஸ் வரலாம். முன்னால் தள்ளினால் இன்னும் ஆபத்து: நேரம் கூடுதலாக வரும், ஆனால் பார்க்க இயல்பான எண்ணாக இருப்பதால் சந்தேகமே வராது.

படி 3: அளக்கும் இடங்களில் மட்டும் டைம்.பெர்ஃப்_கவுண்டர்() என்று மாற்றுங்கள். பைத்தான் 3.3 முதல் இது இருக்கிறது, பின்னால் போகவே போகாது. தொடக்கம், முடிவு இரண்டையும் மாற்ற வேண்டும். தொடக்கத்தில் பழையதை விட்டுவிட்டால் மைனஸ் 170 கோடிக்குப் பக்கத்தில் ஒரு எண் வந்து நிற்கும்! லாகில் (நடந்ததைப் பதிவுசெய்யும் கோப்பில்) தேதி எழுதும் வரியைத் தொடாதீர்கள், அங்கே டைம்.டைம்()தான் சரி. பெர்ஃப்_கவுண்டரின் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குத்தான் உண்டு.

விண்டோஸில் இன்னொரு லாபமும் உண்டு. பைத்தான் 3.13க்கு முன்பு அங்கே டைம்.டைம்() சுமார் 15.6 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் நகரும். சிறிய ஃபங்ஷன்கள் எல்லாம் 0.0 என்று வருவதற்கு அதுதான் காரணம்.

படி 4: முதல் படியை அப்படியே திரும்பச் செய்யுங்கள். கடிகாரத்தை எப்படித் திருப்பினாலும் 20ஐ ஒட்டியே வர வேண்டும். சரி, வந்துவிட்டதா? நேர வசதியை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

அப்புறம், சேமித்து வைத்த பழைய முடிவுகளை மறுபடி அளந்துவிடுங்கள். மைனஸ் வந்தவை கண்ணில் படும், கூடுதலாக வந்தவை படாது.