சன்ரூஃப் பாதியில் நின்றால்: செம்மண் ஊர்க்காரர்களுக்கு ஒரு கைவைத்தியம்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் சன்ரூஃப், அதாவது கார் கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். ஒன்று, பங்குனி சித்திரையில் வேப்பம்பூவும் புழுதியும் கண்ணாடி ஓடும் தடத்தில் இறங்கிய பிறகு. மற்றொன்று, ஊர் வீட்டில் மாதக்கணக்கில் கிடந்த வண்டியை, கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வந்தவர்கள் எடுத்து ஸ்விட்சை அமுக்கும்போது. இரண்டிலுமே "மோட்டார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. காய்ந்த கிரீஸும் செம்மண் தூசியும் சேர்ந்து தடத்தை இறுக்குகின்றன. இறுக்கத்தில் மோட்டாரின் வேகம் குறைகிறது. விரலோ கையோ நடுவில் சிக்கிவிட்டது என்று கண்ட்ரோல் யூனிட் எடுத்துக்கொண்டு, கண்ணாடியைப் பாதியில் நிறுத்துகிறது, அல்லது திரும்பத் திறந்துவிடுகிறது. அதனால் பாகம் மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன் சுத்தம் செய்து பாருங்கள்.

இங்கே சொல்வது ஒற்றைக் கண்ணாடி நகரும் சாதாரண சன்ரூஃபுக்கு. கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடியாக உள்ள பனோரமிக் வகைக்கும் சுத்தம், வடிகால், ரீசெட் (கண்ணாடி நிற்க வேண்டிய இடத்தை யூனிட்டுக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பது) மூன்றும் பொருந்தும். ஆனால் அந்தப் பெரிய கண்ணாடியை வீட்டில் கழற்றத் துணிய வேண்டாம்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

எஞ்சினை ஓடவிட்டு, ஏசி ஃபேனை நிறுத்துங்கள். ஒருவர் உள்ளே ஸ்விட்சை அமுக்க, இன்னொருவர் வெளியே நின்று கண்ணாடியின் இரண்டு ஓரங்களையும் பார்க்கட்டும்.

சத்தமே இல்லையென்றால் கோளாறு ஃபியூஸ், ஸ்விட்ச், வயர், மோட்டார் இவற்றில் ஒன்று. ஓர் அங்குலம் நகர்ந்து திரும்பினாலோ, 'டக்' என்று நின்றாலோ தடத்தில் இறுக்கம், அல்லது கண்ணாடி நிற்க வேண்டிய இடத்தை யூனிட் மறந்திருக்கிறது. மோட்டார் 'கிர்ர்' என்று சுற்றியும் கண்ணாடி அசையவில்லையென்றால் மோட்டாரின் பல்சக்கரம் கண்ணாடியைத் தள்ளும் கேபிளைப் பிடிக்கவில்லை. கண்ணாடி ஒருபக்கம் மட்டும் நகர்ந்து கோணலாக நின்றால் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். ஒரே மோட்டார்தான் இரண்டு பக்கக் கேபிளையும் தள்ளுகிறது. தடத்தில் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் ஷூ ஒரு பக்கத்தில் உடைந்திருக்கும்போது மேலும் அமுக்கினால் கண்ணாடியைத் தூக்கும் கை வளைந்துபோகும். சின்னச் செலவு பெரிய செலவாவது இந்த இடத்தில்தான்.

எதுவானாலும் தொடர்ந்து மூன்று நான்கு தடவைக்கு மேல் அமுக்காதீர்கள். மோட்டார் சூடானால் தானே அணைந்துகொள்ளும். ஆறும்வரை செத்தது போலவே கிடக்கும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

நாள்பட நின்ற வண்டியில் பேட்டரியையும் பார்த்துவிட வேண்டும். எஞ்சின் அணைந்த நிலையில் மல்டிமீட்டர் 12.4 வோல்ட்டாவது காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். சன்ரூஃப் ஃபியூஸ் எதுவென்று ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்திலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். பெரும்பாலும் 20 முதல் 30 ஆம்பியர். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் ஒன்று போடுங்கள். அதுவும் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. "கொஞ்சம் பெரிசாப் போட்டா நிக்கும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும்.

மழை வருவதற்குள் மூடுவது எப்படி

ஐப்பசி கார்த்திகையில் கண்ணாடி திறந்தபடி மாட்டிக்கொண்டால் பழுதுபார்ப்பது அப்புறம், மூடுவதுதான் முதல் வேலை. சாவியை அணைத்து, சன்ரூஃப் ஃபியூஸை உருவிவிடுங்கள். முன் இருக்கைகளுக்கு மேலே உள்ள விளக்குப் பெட்டியின் ஓரத்தில், துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து மெல்ல நெம்பினால் கிளிப் விடும். ஸ்க்ரூ இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். கூரையின் உட்புறத் துணியின் பக்கவாட்டு ஓரங்களைப் பிடித்து இழுக்கவே கூடாது. பல வண்டிகளில் கர்ட்டன் ஏர்பேக் அங்கேதான் மடங்கிக் கிடக்கிறது.

உள்ளே தெரியும் மோட்டாரின் நடுவில் அறுகோணக் குழி இருந்தால் 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆலன் கீ பொருந்தும். கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, எந்தத் திசையில் மூடுகிறதென்று பார்த்துக்கொண்டு போங்கள். கீ வளைகிற அளவுக்குப் பலம் கேட்டால் நிறுத்துங்கள். தடத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. உதவிக்கு ஆள் இருந்தால் வெளியே நின்று இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியின் இரு ஓரத்திலும் வைத்து ஒரே சீராகத் தள்ளட்டும். நடுவில் அழுத்தினால் கோணிக்கொள்ளும்.

சில புது வண்டிகளில் இந்தக் குழி கிடையாது. மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை நட்சத்திரத் திருப்புளியால் கழற்றி இறக்கினால் கேபிள்கள் விடுபடும். கண்ணாடியைக் கையாலேயே சீராகத் தள்ளி மூடலாம். ஆனால் இப்படிச் செய்தால் மோட்டாரின் கணக்கும் கண்ணாடியின் இடமும் மாறிப்போகும். கடைசியில் ரீசெட் கட்டாயம்.

எதுவும் நடக்கவில்லையென்றால் கெட்டியான பாலிதீன் தாளைப் போட்டு ஒட்டிவிடுங்கள். பெயின்ட் மேல் முதலில் மாஸ்கிங் டேப், அதற்கு மேல்தான் பழுப்பு பேக்கிங் டேப். நம் வெயிலில் பேக்கிங் டேப்பின் பசை ஒரே நாளில் கூரையோடு வெந்துவிடும்.

தடத்தைச் சுத்தம் செய்தல்

வேண்டியவை: ஒல்லி மூக்கு உள்ள வாக்குவம், ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், ஐஸ் குச்சி, நூல் பிரியாத துணி, 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 10 கிராம் சிலிகான் கிரீஸ் அல்லது பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்த கிரீஸ். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் மூன்றும் ரப்பரைக் கெடுக்கும், பக்கத்திலேயே வைக்காதீர்கள். வேலையைக் காலையிலேயே, நிழலில் முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. ஆல்கஹாலும் துடைக்குமுன் பறந்துவிடும்.

கண்ணாடி எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு திறந்து, இருக்கைகள் மேல் பழைய பெட்ஷீட்டை விரித்துக்கொள்ளுங்கள். முதல் வேலை உலர்ந்த வேலை. தண்ணீர்த் துணியோடு ஆரம்பித்தால் செம்மண் குழம்பாகி ஷூவுக்குள் ஏறிக்கொள்ளும், பிறகு எடுப்பது கஷ்டம். பிரஷால் தட்டிக்கொண்டே வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். முன் மூலைகள் இரண்டிலும் கருஞ்சிவப்பாக மெழுகு மாதிரி ஒன்று திரண்டிருக்கும். அதில் கொஞ்சம் எடுத்து இரு விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்று மணல் தட்டுப்படும். கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஐஸ் குச்சியால் வழித்தெடுங்கள். இரும்புத் திருப்புளி வேண்டாம், அலுமினியத் தடத்தில் கீறல் விழும். மிச்சத்தை ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். கேபிள் ஓடும் குழலுக்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

தடத்தில் ஓடும் பிளாஸ்டிக் ஷூக்களை டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலோ, உடைந்த துண்டோ, தடத்தில் விழுந்த வேப்பங்குச்சியோ இருக்கலாம். பிறகு கண்ணாடியைப் பாதிக்குக் கொண்டுவந்து, இதுவரை மறைந்திருந்த பகுதியையும் துடையுங்கள்.

கிரீஸ் ஒவ்வொரு பக்கமும் நான்கு இடத்தில் மிளகளவு வைத்து விரலால் தேய்த்தால் போதும். மூன்று தடவை திறந்து மூடி, ஓரத்தில் பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். இந்த ஊரில் கிரீஸ் அதிகமாவது புழுதிக்கு விருந்து. டபிள்யூடி-40 அடித்தால் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அது இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் பிசினாகிவிடும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரில் பட்டால் ரப்பர் உப்பும்.

மூடியே கிடந்து ரப்பர் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மோட்டாரால் பிய்க்கப் பார்க்காதீர்கள். வெளியிலிருந்து நைலான் நூலையோ மெல்லிய பிளாஸ்டிக் அட்டையையோ நான்கு பக்கமும் இழுத்து விடுவியுங்கள். ரப்பரை ஷாம்பூத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள்.

ரீசெட்

பேட்டரியைக் கழற்றிய பிறகோ, கையால் மூடிய பிறகோ கண்ணாடி எங்கே நிற்க வேண்டும் என்பது யூனிட்டுக்குத் தெரியாது. ஹூண்டாய், கியா வண்டிகளில் பெரும்பாலும் முறை இது: எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை முழுக்க மூடி, ஸ்விட்சை விடுங்கள். மறுபடி மூடும் பக்கம் பத்து வினாடி போல, கண்ணாடி லேசாக அசையும்வரை அமுக்கிப் பிடித்து விடுங்கள். மூன்று வினாடிக்குள் திரும்ப அமுக்கினால் கண்ணாடி தானே சாய்ந்து, திறந்து, மூடும். அது முழுக்க முடியும்வரை விரலை எடுக்கக் கூடாது, எடுத்தால் முதலிலிருந்து. மற்ற வண்டிகளுக்குக் கையேட்டில் வரிசை வேறாக இருக்கும். இந்தச் சமயத்தில், விரல் சிக்கினால் கண்ணாடியை நிறுத்தும் தடுப்பு வேலை செய்யாது என்பதால் குழந்தைகளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டே செய்யுங்கள்.

வடிகால்

சன்ரூஃப் ரப்பர் மழையை முழுக்கத் தடுப்பதற்கானது அல்ல. செட்டிநாட்டு வீட்டில் நாலாபுறக் கூரைத் தண்ணீரும் வளவு முற்றத்தில் விழுந்து தூம்பு வழியாக வெளியேறுவது மாதிரி, இங்கேயும் ரப்பரைத் தாண்டி வரும் நீரைச் சுற்றுத் தட்டு வாங்கி, மூலைக் குழாய்களில் விடுகிறது. பெரும்பாலான வண்டிகளில் நான்கு குழாய்கள்: இரண்டு முன் கண்ணாடித் தூண் வழியாகவும், இரண்டு பின் தூண் வழியாகவும் இறங்கும். புளியமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இவை அடைவது நிச்சயம். புளியிலை அந்த ஓட்டைக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். இருக்கை காய்ந்திருந்து காலடி மேட் மட்டும் நனைந்திருந்தால் முன் குழாயைச் சந்தேகியுங்கள்.

ஒவ்வொரு மூலையிலும் 200 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சில வினாடிகளில் வண்டிக்கு அடியில் ஒழுக வேண்டும். தேங்கினால் புல்வெட்டும் மெஷினில் போடும் 2 மில்லிமீட்டர் நைலான் கம்பியின் நுனியைத் தீயில் லேசாகக் காட்டி உருண்டையாக்கி, சுழற்றியபடி நுழையுங்கள். சைக்கிள் கம்பியோ கட்டுக்கம்பியோ குழாயைக் குத்திவிடும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றும் வேண்டாம்: குழாய் மேல்முனையிலிருந்து கழன்று, தண்ணீர் முழுக்கக் கூரைத் துணிக்குள் இறங்கும்.

கண்ணாடியின் மட்டம்

மூடிய பிறகு காற்றுச் சத்தம் கேட்டால் விரல் நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள். முன் ஓரம் கூரையோடு சமமாகவோ 1 மில்லிமீட்டர் தாழ்வாகவோ, பின் ஓரம் சமமாகவோ 1 மில்லிமீட்டர் உயர்வாகவோ இருப்பதே வழக்கமான அளவு. பக்கத்துக்கு இரண்டு மூன்று ஸ்க்ரூ உண்டு, பெரும்பாலும் டி25 அளவு நட்சத்திரத் தலை. பழைய இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டு, ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, சரிசெய்து, கை இறுக்கத்தில் முடுக்குங்கள்.

ஷூ உடைந்திருந்தாலோ கேபிளின் பல் தேய்ந்திருந்தாலோ அது வீட்டு வேலை இல்லை. கூரைத் துணியை இறக்க வேண்டியிருக்கும். பல கம்பெனிகள் ஷூவைத் தனியாகத் தராமல் தடத்தோடு செட்டாகவே தருகின்றன. மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓட்டிப் போவதற்கு முன், சேசிஸ் நம்பரைச் சொல்லி பாகம் தனியாகக் கிடைக்குமா செட்டாகவா, கையிருப்பில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியை மூடி, ஃபியூஸை உருவி வைத்துவிட்டால் அதுவரை வண்டியைத் தாராளமாக ஓட்டலாம்.