ஐரோப்பிய ஒருங்கிணைப்பு படிக்க உதவித்தொகை

ஐரோப்பிய ஒன்றியம், கூட்டாட்சி பற்றி முதுகலை படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது, பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் 1949இல் தொடங்கிய ஐரோப்பியக் கல்லூரியைத்தான். நல்ல இடம்தான், ஆனால் உதவித்தொகை பெரும்பாலும் நாட்டைப் பொறுத்தது. உங்கள் நாட்டவருக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடுங்கள். பிரெஞ்சும் ஓரளவு வேண்டும்.

எந்த நாட்டவரும் போட்டியிடலாம் என்பதால் என் ஓட்டு, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்துக்கு. உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை. கைக்கு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். விமானம், விசா, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். விண்ணப்பத்தைப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கே நேரடியாக அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை வாங்குவார்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரிடம் செப்டம்பரிலேயே சொல்லிவையுங்கள். கடைசி வாரத்தில் ஆள் சிக்க மாட்டார்.