குடித்து ஓட்டிப் பிடிபட்டால்: கோர்ட் வேறு, லைசென்ஸ் வேறு

போன வருடம் தக்கலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு நாகர்கோவிலுக்கு பைக்கில் திரும்பும்போது பிடிபட்டேன். குடித்திருந்தேன், ஓட்டியிருக்கக் கூடாது. லைசென்ஸ் திரும்பக் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் விவரம் தெரியாததால் போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

பிடித்த இடத்தில் ஆல்கஹால் அளவு பார்க்கும் கருவியில் ஊதச் சொன்னால் ஊதுங்கள். குழாயைப் புதிதாக மாட்டச் சொல்லிக் கேளுங்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு வரும். கருவி தரும் சீட்டில் அளவு, நேரம், வண்டி எண் மூன்றையும் பாருங்கள். அது பஸ் டிக்கெட் மாதிரித் தாள், சூடு பட்டால் எழுத்து போய்விடும். நான் பைக் பெட்டிக்குள் இரண்டு வாரம் போட்டு வைத்தேன்; வக்கீல் கையில் கொடுத்தபோது தேதி மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அதனால் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

அடுத்தது கோர்ட். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் சிறை 2 வருடம் வரை, அபராதம் 15,000 ரூபாய் என்று ஏறும். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அதுதான் உண்மை. ஆனால் அளவு 30-ஐ ஒட்டி இருந்தாலோ சீட்டில் விவரம் தப்பாக இருந்தாலோ, சீக்கிரம் முடியட்டும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தண்டனை பதிவில் நிற்கும். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இதற்கப்புறம்தான். அபராதம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. போலீஸ் வாங்கிய லைசென்ஸ் ஆர்டிஓவுக்கு (வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்) போகும். அதே சட்டத்தின் 19-வது பிரிவில் சஸ்பெண்ட் செய்வது அவர்கள். போலீஸ் கொடுத்த ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு பைக்கில் போனேன். அந்த ரசீது ஓட்டுவதற்கு அனுமதி இல்லை. சஸ்பெண்ட் ஆன பிறகு ஓட்டிப் பிடிபட்டால் 3 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ வரும்.

சஸ்பெண்ட் செய்வதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். எனக்கு வந்த நோட்டீஸ் இரணியலில் இருந்த பழைய வாடகை வீட்டுக்குப் போய்விட்டது. லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதியில் முகவரியை இன்றைக்கே சரிபாருங்கள். பதிலைத் தமிழிலேயே ஒரு பக்கத்தில் எழுதலாம்: என்ன வேலை, முன்னால் வழக்கு உண்டா, கோர்ட் ரசீது நகல். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். தபாலைவிட நேரில் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. புரோக்கர் வேண்டவே வேண்டாம். உத்தரவு தப்பு என்று பட்டால் அது கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சஸ்பெண்ட் காலம் முடிந்ததும் உத்தரவையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்துக்கு நீங்களே போங்கள்.

பின்சேர்க்கை: களியக்காவிளை தாண்டி கேரளத்தில் பிடிபட்டால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இது மத்திய சட்டம், அங்கேயும் அதே 30 மி.கி.தான். வழக்கு மட்டும் பிடித்த இடத்துக் கோர்ட்டில் நடக்கும், அதனால் அந்தப் பக்கத்து வக்கீலைப் பாருங்கள். போனில் ஆவணங்களைக் காட்டும் அரசு செயலியான டிஜிலாக்கரில் லைசென்ஸ் தெரிகிறதே, ஓட்டலாமா என்றார் இன்னொருவர். சஸ்பெண்ட் காலத்தில் அதைக் காட்டி ஓட்ட முடியாது. பஸ்ஸில் போங்கள், நானும் மூன்று மாதம் வடசேரியிலிருந்து பஸ்ஸில்தான் போனேன்.